ஏர்போர்ட்டில் இரண்டு ஸ்டேஷன்

போன வாரம் பத்தி வரவில்லையே, உடம்பு சரியில்லையா என்று பலர் விசாரித்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. சீனாவில் தப்பான ஸ்டேஷனில் இறங்கி நின்றுகொண்டிருந்தேன்.

அதுவும் எங்கே? குவாங்சோ நகரத்தின் இன்டர்நேஷனல் ஏர்போர்ட்டில். ஊருக்குள்ளிருந்து ஏர்போர்ட்டின் அடிவயிற்றுக்கே மெட்ரோ ரயில் போகிறது. ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் இங்கிலீஷிலும் சொல்கிறார்கள், எழுதியும் காட்டுகிறார்கள். இதில் தப்பாக இறங்க முடியுமா என்கிறீர்களா? முடியும். கூடவே என் தம்பி கலியமூர்த்தி இருந்தால் முடியும்.

கலியமூர்த்தியை இந்தப் பத்தியில் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். கும்பகோணத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் எங்கள் ஊர். பெயர் சொல்ல மாட்டேன், காரணம் போகப் போகத் தெரியும். அவன் அங்கேயே இருந்து விவசாயம் பார்க்கிறான். அறுவடை மெஷின் ஒன்று வைத்து வாடகைக்கும் ஓட்டுகிறான். சேற்று வயலில் இறங்குகிற பெல்ட் வண்டி. அதற்கு ஸ்பேர் பார்ட்ஸ் நேரடியாக எடுக்கலாம் என்று யாரோ சொல்ல, சீனாவுக்குக் கிளம்பிவிட்டான்.

"நீயும் வாக்கா. இங்கிலீஷ் பேச ஆள் வேணும்ல" என்றான்.

முப்பது வருஷம் பேங்கில் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டு ரிட்டயர் ஆனவள் நான். பெருமையாகப் போனேன். அங்கே போய்ப் பார்த்தால் என் இங்கிலீஷை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் இல்லை. கலியமூர்த்தி கையாலேயே அறுத்துக் காட்டி, கட்டிக் காட்டி, எல்லா பார்ட்ஸையும் வாங்கிவிட்டான். நான் பக்கத்தில் நின்று பையைப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் நான் போனதற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் ஊர் வழியாக ஒரு பைபாஸ் ரோடு வருகிறது. அப்பா விட்டுப் போன நிலம் அந்த ரோட்டுக்குள் போகிறது. ஓரமாக இல்லை, நட்ட நடுவே. நிலத்தில் எனக்கும் பங்கு உண்டு. கலியமூர்த்தி ஆட்சேபணை கொடுத்திருந்தான். நான் நிலமெடுப்பு ஆபீசிலிருந்து எனக்கு வந்த போனில் "சம்மதம்" என்று சொல்லியிருந்தேன். சொல்லிவிட்டுத்தான் அவனிடம் சொன்னேன். அன்றிலிருந்து அவன் என்னிடம் நிலம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. சீனாவிலிருந்து திரும்பியதும் திங்கட்கிழமை விசாரணை. இரண்டு பேரும் நேரில் வர வேண்டும்.

எனக்கு என்ன காரணம்? என் பையன் பெங்களூரில். கலியமூர்த்தியின் பெண்கள் இரண்டும் காலேஜில். யார் வந்து நாற்று விடப் போகிறார்கள்? கும்பகோணத்து நெரிசலில் ஒரு ஆம்புலன்ஸ் படும் பாட்டைப் பார்த்தவள் நான். ரோடு வரட்டுமே. இவன்தான் அப்பா மண், அப்பா மண் என்று பிடிவாதம் பிடிக்கிறான் என்று நினைத்தேன். சீனாவில் பெரிய ஏர்போர்ட்டையும் ரோட்டையும் ரயிலையும் கண்ணால் பார்த்தால் மனசு மாறுவான். அதுதான் என் கணக்கு.

பார்த்தான். ஏர்போர்ட்டில் வந்து இறங்கிய அன்றே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே வந்தால் ஊருக்குள் போக மெட்ரோ, பக்கத்து நகரங்களுக்கு பஸ், டாக்சிக்குத் தனி வரிசை. மேம்பாலத்தின் மேல் மேம்பாலம். நம் திருச்சி ஏர்போர்ட் வாசலுக்கு வந்து கை காட்டினால் புதுக்கோட்டை பஸ் நிற்கும். அதுவும் ஒரு வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனாலும் இது வேறு உலகம்.

"பாத்தியா, எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. இந்த எடத்துல முன்னாடி என்னாக்கா இருந்துச்சு?" என்றான்.

அந்த ஐந்தாறு நாளும் இதே கேள்விதான். ஓட்டலில், கடையில், எங்கே போனாலும். பார்ட்ஸ் கடைக்காரர் ஒருவர் தன் கடை இருந்த இடம் மீன் குளமாக இருந்தது என்றார். இவன் முகத்தில் அவ்வளவு திருப்தி. எனக்கு எரிச்சலாக வந்தது. ஊர் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் எவனாவது நிலக் கணக்கு, அடங்கல் என்று விசாரிப்பானா?

திரும்புகிற நாள். கோலாலம்பூர் வழியாகத் திருச்சி. மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் பையை மெஷினில் விடச் சொல்கிறார்கள். செயினும் பேரிங்கும் ஸ்கிரீனில் என்னவாகத் தெரிந்ததோ, பையைத் திறக்கச் சொன்னார்கள். கலியமூர்த்தி நடு ஸ்டேஷனில் குனிந்து நெல் அறுத்துக் காட்டினான். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்கள். அதிலேயே கொஞ்ச நேரம் போயிற்று.

ரயிலில் உட்கார இடம் இல்லை. ஊர் தாண்டி வடக்கே போகப் போகத்தான் கூட்டம் குறைந்தது. ஏர்போர்ட் தெற்கு என்று ஒரு ஸ்டேஷன் வந்தது. நான் பையைத் தூக்கினேன்.

"எங்கக்கா கிளம்பிட்ட? இன்னும் ஒரு ஸ்டாப்பு இருக்கு பாரு. ஏர்போர்ட் வடக்கு. அதுதான் கடைசி."

"இதுவும் ஏர்போர்ட்னுதானே போட்டிருக்கு?"

"வழியில எறங்குனா நடக்கணும்க்கா. கடைசியில எறங்குனாத்தான் உள்ள கொண்டு போயி விடுவான்."

கதவு மூடிவிட்டது. அது ஒன்றாம் டெர்மினலுக்கான ஸ்டேஷன். எங்கள் பிளைட் ஒன்றாம் டெர்மினலில். கடைசி ஸ்டேஷன் இரண்டாம் டெர்மினலுக்கு.

இது எங்கள் தெருக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. விளக்குகிறேன். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கும்பகோணத்திலிருந்து வருகிற பஸ், ஊர்ப் பண்ணையாரான பெரிய வீட்டுக்காரர்களின் தென்னந்தோப்பு வாசலில் நிற்கும். அதைத் தாண்டி எங்கள் தெரு முனை. அங்கே நிற்காது. கண்டக்டர் விசில் ஊத மாட்டார். பண்ணையில் வேலை செய்கிறவர்களின் தெருதானே? தோப்பு வாசலில் எங்கள் ஆட்கள் இறங்கினால் அங்கே இருக்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதனால் அப்பா எங்களை வலங்கைமான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட்டிப் போய், அங்கிருந்து வயல் வழியாகத் திருப்பி நடத்திக்கொண்டு வருவார். பஸ் என்றால் கடைசி ஸ்டாப்பு வரைக்கும் உட்கார வேண்டும். இப்போது தெரு முனையில் ஸ்டாப் இருக்கிறது, போர்டுகூட இருக்கிறது. ஆனாலும் கலியமூர்த்தி இன்றைக்கும் வலங்கைமான் வரைக்கும் போய், ஒரு டீ குடித்துவிட்டுத்தான் திரும்புவான். கேட்டால் டீ நல்லா இருக்கும் என்பான்.

அந்தப் பழக்கம் எங்களைச் சீனாவில் கொண்டுபோய்த் தப்பான டெர்மினலில் நிறுத்தியது. பிளைட்டை விட்டால் திங்கட்கிழமை விசாரணை போச்சு. அவனைத் திட்டினேன். சீனாக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் திட்டினேன்.

அங்கே யூனிஃபார்ம் போட்ட அம்மா ஒருவர் எங்களைப் பார்த்து வந்தார். வழி தெரியாத பயணிகளுக்கு வழி காட்டுகிற வேலை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். டிக்கெட்டைப் பார்த்தார். தன் போனை எடுத்து ஏதோ தட்டி, சீன மொழியில் பேசினார். திரையில் தமிழ் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கவலைப்பட வேண்டாம். அந்த முனையத்துக்கு இலவசப் பேருந்து உண்டு. நேரம் இருக்கிறது. நான் உங்களுடன் வருகிறேன்."

"ரேடியோவுல நியூஸ் படிக்கிற மாதிரி இருக்கு" என்றான் கலியமூர்த்தி.

பஸ் நிற்கிற இடத்துக்குக் கூட்டிப் போய்க் கூடவே நின்றார். பஸ் இன்னும் வரவில்லை.

"அக்கா, இந்தம்மாகிட்ட கேளு. இந்த எடத்துல முன்னாடி என்னா இருந்துச்சுன்னு."

"பிளைட் போயிடுமோன்னு எனக்கு உயிர் போவுது. உனக்கு இதுதான் கேடா இப்ப?"

"பஸ்ஸு வர்ற வரைக்கும் சும்மாதானே நிக்கிறோம்."

நான் கேட்கவில்லை. அவனே அந்தம்மாவின் போனைப் பார்த்துப் பேசிவிட்டான். அவர் படித்தார். எங்களை ஒரு தரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி, கட்டடத்துக்கு அந்தப் பக்கம், விமானம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்த திசையைக் காட்டினார்.

"நெல் வயல்கள். லிச்சி மரங்கள். என் கிராமம் அங்கே இருந்தது."

கலியமூர்த்தி கிட்டே நகர்ந்தான். "எத்தனை போகம்?"

"வருடத்துக்கு இரண்டு முறை நடவு செய்வோம்."

"நம்ம குறுவை, தாளடி மாதிரிக்கா" என்றான் என்னிடம். பிறகு, "ஊரு என்னாச்சு?"

"ஊரை முழுவதும் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். இப்போது அடுக்குமாடி வீடு. முன்னோர்களைக் கும்பிடும் மண்டபத்தைப் புது இடத்தில் திரும்பக் கட்டிக்கொண்டோம். அப்போது நான் வேறு ஊரில் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். விடுமுறையில் வந்தபோது வீடு இருந்த இடம் தெரியவில்லை. அழுதேன். பிறகு மகனுக்கு இங்கே வேலை கிடைத்தது. எனக்கும் கிடைத்தது. மின்தூக்கி இருக்கிறது, கால் வலிக்கு நல்லது."

இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். பார்த்தாயா என்கிற மாதிரி தம்பியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா, ஒண்ணு மட்டும் சரியாக் கேளு. அவங்க ஊர் பெரிய வூட்டு நிலமும் போச்சான்னு கேளு."

"இங்க ஏதுடா பெரிய வூடு?"

"எல்லா ஊர்லயும் ஒரு பெரிய வூடு இருக்கும்க்கா. கேளு."

ஊர்த் தலைவர், வசதியானவர்கள், அவர்களுடைய வயலும் சேர்ந்து போனதா என்று விளக்கமாகக் கேட்டேன். அந்தம்மா சிரித்தார்.

"நிலம் ஊருக்குப் பொது. தலைவர் பயிர் செய்த வயலும் போனது. அவர் வீடும் போனது. இப்போது எங்களுக்கு மேல்மாடியில் இருக்கிறார். அவர் வீட்டுக் குளியலறை ஒழுகினால் எங்கள் சுவர் நனைகிறது. தினமும் சண்டை."

கலியமூர்த்தியும் சிரித்தான். இந்தப் பயணத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பிறகு தலையை ஆட்டினான்.

"அப்படின்னா சரி."

"என்ன சரி?"

"எல்லாருதும் போச்சுல்ல. அது வேற."

பஸ் வந்தது. அந்தம்மா எங்களை ஏற்றிவிட்டு டிரைவரிடம் ஏதோ சொன்னார். கலியமூர்த்தி கைகூப்பினான். அவரும் பதிலுக்குக் கைகூப்பினார்.

பஸ்ஸில் நான் சும்மா இருக்கவில்லை. "அப்ப உனக்கு ரோடு வேணாங்கிறது இல்லையா?"

"நான் எப்பக்கா ரோடு வேணாம்னேன்? மெஷின லாரியில ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போறவன். எனக்கு ரோடு வேணாமா?"

"பின்ன எதுக்கு ஆட்சேபணை?"

"வரைபடத்தப் பாத்தில்ல? வடக்கேருந்து நூல் புடிச்ச மாதிரி நேரா வருது. தோப்புகிட்ட வந்ததும் ஏன் வளையுது?"

பார்த்திருந்தேன். போனில் அனுப்பியிருந்தார்கள். நேராக வருகிற கோடு, பெரிய வீட்டுத் தென்னந்தோப்பைக் கண்டதும் முழங்கை மாதிரி மடங்கி, வாய்க்காலைத் தாண்டி, எங்கள் தெரு ஐந்து குடும்பத்து வயலைக் கிழித்துக்கொண்டு போய், அப்புறம் மறுபடி நேராகிறது. இன்ஜினீயர் ஏதோ காரணத்துக்காகப் போட்டிருப்பார் என்று பெரிதுபண்ணிப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

அந்த ஐந்து வயலும் ஒரு காலத்தில் பெரிய வீட்டு நிலம்தான். அப்பா அங்கே பண்ணையாள். கூலிக்குச் சண்டை, குத்தகைக்குச் சண்டை, களத்தில் நெல் அளக்கும்போது சண்டை. அப்புறம் உச்சவரம்பு என்று சட்டம் வந்து, மிச்ச நிலத்தை அரசாங்கம் எடுத்துப் பட்டா கொடுத்தது. கொடி பிடித்துப் போராடியது ஒரு கட்சி, பட்டாவைக் கையில் கொடுத்தது ஒரு கட்சி. அப்பா கடைசி வரைக்கும் இரண்டு கட்சிக்கும் மாற்றி மாற்றி ஓட்டுப் போட்டு நன்றிக்கடனைச் சமன் செய்தார். தோப்பு மட்டும் அப்போது தப்பித்தது. தோப்புக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு என்று தெரிந்ததும் நஞ்சையில் அவசரமாகத் தென்னங்கன்று வைத்தார்கள் என்பார் அப்பா. கன்றுக்கு அவரே தண்ணீர் ஊற்றியிருக்கிறார், கூலிக்கு. பெரிய வீட்டின் இந்தத் தலைமுறை எங்களோடு நல்லபடியாகத்தான் பேசுகிறது. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிறார்கள், நாங்களும் போகிறோம். ஆனால் ரோடு மட்டும் பழைய ஞாபகத்தில் வளைகிறது.

"இத ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியேக்கா. சம்மதம்னு போன்ல சொல்லிட்டேன், அப்படின்னுதான வந்து சொன்ன?"

எனக்குச் சுருக்கென்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிளைட் கிடைத்துவிட்டது. கோலாலம்பூர் வரைக்கும் அவன் தூங்கினான். நான் தூங்கவில்லை. ரோடு வேண்டும் என்றால் ஒரு கட்சி, வேண்டாம் என்றால் எதிர்க்கட்சி. நம் ஊரில் இந்த இரண்டுக்குத்தான் மைக் கிடைக்கிறது. வேண்டும், ஆனால் ஏன் வளைகிறது என்று ஒருவன் கேட்டால் அவனை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று நமக்குத் தெரியவில்லை. கூடப் பிறந்த எனக்கே தெரியவில்லையே. அந்தம்மா ஊர் இழந்தவர். நான் அதைச் சந்தோஷக் கதையாக்கி உங்களிடம் விற்க வரவில்லை. அவர் அழுததும் உண்மை, மின்தூக்கியும் உண்மை. ஆனால் மேல்மாடித் தலைவரோடு சண்டை போடும்போது அவர் சரிக்குச் சரியாகச் சண்டை போடுகிறார். அது எனக்குப் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை. கும்பகோணத்தில் ஆபீஸ். வெளியே வேப்பமரத்தடியில் எங்கள் தெருவின் மற்ற நாலு குடும்பமும் நின்றது. அவர்களில் யாரும் என்னிடம் பேசவில்லை. நான் சம்மதம் சொன்னது தெருவுக்கே தெரியும். பேங்க் அக்காவே கையெழுத்துப் போட்டால் நம்மால் என்ன ஆகும் என்று அவர்கள் பயந்திருக்கிறார்கள். ஏர்போர்ட்டுக்கு அப்புறம் கலியமூர்த்தியும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. குடும்ப வியாதி, அவ்வளவு சீக்கிரம் குணமாகுமா?

விசாரணை அதிகாரி சின்ன வயசுப் பெண். மரியாதையாகப் பேசினார்.

"உக்காருங்கம்மா. நீங்க சம்மதம்னு சொல்லியிருக்கீங்க. தம்பி ஆட்சேபணைங்கிறாரு. ஒரே நிலத்துக்கு ரெண்டு பதில். எதை எழுதிக்கட்டும்?"

"சம்மதம்தாம்மா" என்றேன்.

கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான். வாசலில் நின்றவர்களில் யாரோ செருமினார்கள்.

"ரோட்டுக்குச் சம்மதம். வடக்கேருந்து வர்ற மாதிரியே நேரா வந்தா, தோப்புலயும் கொஞ்சம் போவும், எங்க வயல்லயும் ஓரம் போவும். அந்த ஓரத்தை இன்னைக்கே எழுதித் தர்றோம். வளைவுக்குத்தான் சம்மதம் இல்ல. அது ஏன் வளையுதுன்னு எங்களுக்கு எழுத்துல பதில் வேணும்."

அந்தப் பெண் பேனாவை நிறுத்தினார். "இதுல அப்படி எழுத எடமில்லையேம்மா. சம்மதம், ஆட்சேபணை... ரெண்டுதான் இருக்கு."

"பின்பக்கம் காலியாத்தானே இருக்கு? அங்க எழுதுங்க."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு தாளைத் திருப்பி, நான் சொன்னதை அப்படியே எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். கலியமூர்த்தி போட்டான். எங்களுக்குப் பின்னால் வந்த நாலு குடும்பமும் "அக்கா சொன்னதுதாங்க, பின்பக்கம் எழுதிக்குங்க" என்றது.

பதில் இன்னும் வரவில்லை. வளைவு நிமிருமா, தோப்பு மூன்றாம் முறையும் தப்பிக்க வழி கண்டுபிடிக்குமா... தெரியாது. கேள்வி தாளில் இருக்கிறது, அவ்வளவுதான் இப்போதைக்கு.

திரும்பும்போது வலங்கைமான் பஸ்ஸில் ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது. பெரிய வீட்டுத் தோப்பு வாசலில் பஸ் நின்று கிளம்பியது. நான் பையை மடியில் வைத்துக்கொண்டு வலங்கைமான் டீக்குத் தயாராகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

கலியமூர்த்தி எழுந்து நின்றான். "கண்டக்டர், தெரு முனையில ரெண்டு எறக்கம்."

"என்னடா, இன்னும் பஸ் ஸ்டாண்டு வரலியே" என்றேன்.

"நமக்கு இதுதானக்கா ஸ்டாப்பு" என்றான்.

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நின்றது.